பச்சை விளக்கு எத்தனை விநாடி? பெரியவர்களோடு தெருவை அளக்கும் முறை

இந்த அதிகாரத்தில் நீங்கள் செய்யப்போவது ஒரே வேலை. உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ இருக்கும் ஒரு பெரியவரோடு, அவர் வழக்கமாகப் போகும் அரை கிலோமீட்டர் வழியை நடக்கப் போகிறீர்கள். அந்த வழியிலுள்ள நடைபாதை, சிக்னல், பஸ் நிறுத்தம், பெஞ்சு, கழிப்பறை எல்லாவற்றையும் அவருடைய காலையும் கண்ணையும் வைத்து அளந்து, வந்த எண்களை உரிய அலுவலகத்தில் சேர்க்கப் போகிறீர்கள். இரண்டு காலைப் பொழுதும் ஒரு மாலையும் போதும். அதற்குப் பின் வரும் அலைச்சலுக்குத்தான் பொறுமை வேண்டும்.

2015 ஜூனில் தொடங்கி 2025 மார்ச்சில் முடிந்த ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி, சேலம், நெல்லை, தஞ்சை, திருப்பூர், வேலூர், தூத்துக்குடி, ஈரோடு என நம் 11 நகரங்கள் இருந்தன. கட்டுப்பாட்டு மையங்கள், கேமராக்கள், புதிய விளக்குகள், செல்போன் செயலிகள் எல்லாம் வந்தன. 2019 நவம்பரில் திறக்கப்பட்ட தி.நகர் பாண்டி பஜார் நடைபாதை வளாகத்தில் ஒரு மாலை உட்கார்ந்து பாருங்கள். அகலமாக இடம் விட்டால் பெரியவர்கள் தெருவுக்கு வருகிறார்கள் என்பது கண்ணுக்குத் தெரியும். ஆனால் அங்கே வந்து சேர முதலில் தங்கள் தெருமுனையைக் கடக்க வேண்டுமே. நம் வேலை அந்தத் தெருமுனையில் தொடங்குகிறது.

முதலில் இரண்டு கணக்கு

கோட்பாடு இவ்வளவுதான். இதைத் தாண்டி எதுவும் படிக்க வேண்டாம்.

நடைவேகம்: பாதசாரி சிக்னலுக்கு நேரம் கணக்கிடும்போது பொதுவாக எடுத்துக்கொள்ளும் வேகம் விநாடிக்கு 1.2 மீட்டர். நல்ல முழங்கால் உள்ளவரின் வேகம் அது. இங்கிலாந்தில் 65 வயது கடந்தவர்களைப் பற்றி 2012இல் வெளியான ஓர் ஆய்வில் ஆண்களின் சராசரி வேகம் 0.9 மீட்டர், பெண்களின் வேகம் 0.8 மீட்டர் என்று வந்தது. 14 மீட்டர் அகலச் சாலையை 1.2 மீட்டர் வேகத்தில் கடக்க 12 விநாடி போதும். 0.8 மீட்டர் வேகத்தில் 17.5 விநாடி ஆகும். இந்த ஐந்தரை விநாடியில்தான் ஒரு பாட்டி நடுரோட்டில் மாட்டிக்கொள்கிறார்.

சிங்கப்பூர் இதைத்தான் தொழில்நுட்பத்தால் சரிசெய்தது. 2009இல் அங்கே சோதனையாகத் தொடங்கிய ஏற்பாடு இது. சிக்னல் கம்பத்தில் உள்ள கருவியில் முதியவர் தம் சலுகைப் பயண அட்டையைக் காட்டினால், சாலையின் அகலத்தைப் பொறுத்துப் பச்சை விளக்கு 3 முதல் 13 விநாடி வரை கூடுதலாக எரியும். எல்லா நேரமும் எல்லாருக்கும் போக்குவரத்தை நிறுத்தவில்லை. வேண்டியவர் கேட்கும்போது மட்டும் கொடுக்கிறார்கள். மனு எழுதும்போது இந்த உதாரணத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரிவு: ஏற வேண்டிய உயரம் 1 அடி என்றால் சரிவுப் பாதையின் நீளம் குறைந்தது 12 அடி இருக்க வேண்டும். செல்போனில் உள்ள மட்டம் பார்க்கும் வசதியில் இது 4.8 டிகிரி. அதற்கு மேல் காட்டினால் சக்கர நாற்காலியைத் தள்ளுபவருக்கும் மூச்சு வாங்கும், இறங்கும்போது வாக்கரும் முன்னால் ஓடும்.

யாரை அழைப்பது, எந்த வழியை எடுப்பது

பெரும்பாலானோர் இங்கேயே தவறு செய்கிறார்கள். தெருவில் ஏற்கெனவே நடக்கும் பெரியவர்களைப் பிடித்துக் கருத்துக் கேட்கிறார்கள். தெருவுக்கு வர முடியாமல் போனவரை யார் கேட்பது?

என் பெரியம்மா கிளை நூலகத்துக்குப் போய்ப் பேப்பர் படிப்பதை வழக்கமாக வைத்திருந்தார். ஒரு கட்டத்தில் நின்றுவிட்டது. கண் சரியில்லை என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம். இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள் பேச்சுவாக்கில், "கண்ணுக்கு என்னடி, நல்லாத்தான் தெரியுது. அந்த பிளாட்பாரத்துல ஏறத்தான் முடியல. ஒருத்தர் கையைப் பிடிச்சு ஏத்திவிடணும், தினமும் யாரைக் கேக்கறது?" என்றார். நான் போய் டேப் வைத்தேன். 28 செ.மீ. இருந்தது. மழைநீர் வடிகாலைப் புதிதாகக் கட்டியபோது நடைபாதை உயர்ந்திருக்கிறது. இரண்டு வருஷப் பேப்பர் அவருக்குப் போனது அந்த 28 செ.மீ.யில்தான்.

ஆகவே உங்கள் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: "முன்னாடி போய்க்கிட்டிருந்து, இப்ப போகாம விட்ட இடம் எது?" அந்த இடத்துக்கான வழிதான் உங்கள் வழி. ரேஷன் கடையாக இருக்கலாம், கோயிலாகவோ, தர்காவாகவோ, பென்ஷன் வாங்கும் வங்கியாகவோ, பூங்காவாகவோ இருக்கலாம். "எதுவும் விடலையே" என்று முதலில் சொல்வார்கள். காபி குடித்து முடிக்கும்வரை காத்திருங்கள்.

இரண்டு முதல் நான்கு பெரியவர்கள் போதும். கைத்தடி வைத்திருப்பவர் ஒருவர், பார்வை மங்கியவர் ஒருவர், குறைந்தது ஒரு பெண்மணி. எல்லாரையும் ஒரே நாளில் கூட்டிப் போகாதீர்கள். ஒருவருக்கு ஒரு நடை. கும்பலாகப் போனால் மற்றவர்களைக் காக்க வைக்கிறோமே என்று தங்கள் வேகத்தைக் கூட்டிவிடுவார்கள், உங்கள் அளவெல்லாம் பொய்யாகிவிடும்.

கையில் இருக்க வேண்டியவை

5 மீட்டர் இழு-டேப், சாக்பீஸ், நோட்டு, சார்ஜ் நிறைந்த செல்போன், தண்ணீர், குடை, பெரியவரின் மருந்துச் சீட்டின் படம், கொஞ்சம் வெல்லமோ மிட்டாயோ, மடக்கு ஸ்டூல் ஒன்று. ஸ்டூலை மறக்காதீர்கள். வழியில் பெஞ்சு இருக்காது என்பதைக் கண்டுபிடிக்கத்தானே போகிறீர்கள்.

செல்போனில் கேமராவின் இருப்பிடப் பதிவை இயக்கிவிடுங்கள். படத்தின் மேலேயே தேதி, நேரம், இடம் அச்சாகும்படி செய்யும் இலவசச் செயலிகள் இருக்கின்றன. அதில் எடுத்தால் "இது எங்கே எடுத்தது?" என்ற கேள்வி பின்னால் வராது.

கிளம்பும் முன்: பாதுகாப்பு

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். அளக்கப் போன இடத்தில் ஒருவர் விழுந்துவிட்டால், அளந்தது எதற்கும் உதவாது.

1. துணைக்கு இருவர் வேண்டும். ஒருவர் அளப்பார், ஒருவர் பெரியவரின் பக்கத்திலேயே இருப்பார். இந்த இரண்டாமவர் போனைக் கையில் எடுக்கக் கூடாது.
2. வெறும் வயிற்றில் நடை வேண்டாம். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர் சாப்பிட்டு அரை மணி ஆகட்டும். வெயில் காலத்தில் காலை 9 மணிக்குள் முடித்துவிடுங்கள்.
3. சாலையின் அகலத்தை அளக்க டேப்பை எடுத்துக்கொண்டு நடுவில் இறங்காதீர்கள். இணைய வரைபடத்தின் செயற்கைக்கோள் படத்தில் தூரம் அளக்கும் வசதி உண்டு. வீட்டிலிருந்தே அளக்கலாம்.
4. சிக்னல் நேரம் போதுமா என்று பார்க்கப் பெரியவரைச் சாலையில் இறக்கிச் சோதிக்காதீர்கள். வேகத்தை நடைபாதையிலோ பூங்காவிலோ அளப்போம், சிக்னலைத் தனியாக அளப்போம். மீதியைக் காகிதத்தில் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.
5. மின்வாரியப் பெட்டி, சிக்னல் பெட்டி, தொங்கும் கேபிள் எதையும் தொடாதீர்கள். மழை பெய்து தண்ணீர் நின்றால் அன்றைய நடையைத் தள்ளிப்போடுங்கள். தண்ணீருக்கு அடியில் மூடியில்லாத பள்ளம் இருப்பது கண்ணுக்குத் தெரியாது.
6. தலைசுற்றல், நெஞ்சில் பாரம் என்று சொன்னால் உடனே உட்கார வைத்து 108ஐ அழையுங்கள். "கொஞ்ச தூரம்தான், முடிச்சிடலாம்" என்று அவரே சொன்னாலும் கேட்க வேண்டாம்.

நடை: படிப்படியாக

1. வேகத்தை அளங்கள். சமதளத்தில் 10 மீட்டர் குறித்து, பெரியவரை வழக்கம்போல் நடக்கச் சொல்லி நேரம் பாருங்கள். மூன்று முறை எடுத்து நடு எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். 10 மீட்டருக்கு 12.5 விநாடி ஆனால் வேகம் 0.8 மீட்டர். "டெஸ்ட்" என்று சொல்லாதீர்கள், சொன்னால் நம் தாத்தாக்கள் அணிவகுப்பு நடை நடப்பார்கள். பேசிக்கொண்டே நடக்க விடுங்கள்.

2. அவர் நிற்கும் இடத்தில் குறியுங்கள். கிளம்பியதிலிருந்து அவர் எங்கெல்லாம் நிற்கிறார், எதைப் பிடித்துக்கொள்கிறார், எங்கே நடைபாதையை விட்டுச் சாலையில் இறங்குகிறார் என்பதைச் சாக்பீஸால் தரையில் குறித்து, படம் எடுங்கள். கேள்வி கேட்க வேண்டாம். மதில் சுவரைப் பிடித்து அவர் மூச்சு வாங்கிய இடம்தான் பெஞ்சு வர வேண்டிய இடம். இதைவிடத் துல்லியமான கருவி எதுவும் என் அனுபவத்தில் இல்லை.

3. நடைபாதையை அளங்கள். இந்திய சாலைக் காங்கிரஸின் பாதசாரி வழிகாட்டி, தடையில்லாத 1.8 மீட்டர் அகலம் கேட்கிறது. நடைபாதையின் மொத்த அகலத்தை அளக்காதீர்கள். மரம், மின்பெட்டி, விளம்பரப் பலகை, நிறுத்திய பைக் எல்லாம் போக மிஞ்சும் மிகக் குறுகிய இடத்தை அளங்கள். சக்கர நாற்காலி நுழைய 90 செ.மீ.யாவது வேண்டும். விளிம்பின் உயரம் 15 செ.மீ.க்கு மேல் இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் ஏறி இறங்கும் நடைபாதையாக இருந்தால், 100 மீட்டருக்குள் எத்தனை ஏற்ற இறக்கம் என்று எண்ணுங்கள்.

4. சரிவுப் பாதையைப் பாருங்கள். போனைத் தரையில் படுக்க வைத்து டிகிரியைப் படம் பிடியுங்கள். சரிவின் அடிவாரத்தில் தண்ணீர் தேங்கிய தடம் இருக்கிறதா, பைக் ஏறாமல் இருக்க நட்ட தடுப்புக் கம்பிகளுக்கு இடையே நாற்காலி நுழையுமா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

5. சிக்னல். இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். அடுத்த பகுதியைத் தனியாகக் கொடுத்திருக்கிறேன்.

6. பஸ் நிறுத்தம். 2024 ஆகஸ்டிலிருந்து சென்னையில் தாழ்தளப் பேருந்துகள் மீண்டும் ஓடுகின்றன. நிறுத்தத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து இறங்கிக்கொடுக்கும் வசதி அவற்றில் உண்டு. ஆனால் பஸ் நடைபாதையை ஒட்டி வந்து நின்றால்தான் அந்த வசதிக்குப் பொருள். நிறுத்தத்தில் ஆட்டோவும் காரும் நின்றால் பஸ் நடுச்சாலையில் நிற்கும். பெரியவர் தரைக்கு இறங்கி, பிறகு பஸ்ஸுக்கு ஏற வேண்டும். ஆகவே அரை மணி நேரம் நின்று, வந்த பஸ்களில் எத்தனை ஒட்டி நின்றன, எத்தனை தள்ளி நின்றன என்று கோடு போடுங்கள். நேரம் காட்டும் பலகை இருந்தால், அது எரிகிறதா, எழுத்து 5 மீட்டரிலிருந்து பெரியவருக்குத் தெரிகிறதா என்று அவரையே படிக்கச் சொல்லுங்கள்.

7. பெஞ்சும் கழிப்பறையும். பெஞ்சின் உயரம் ஏறக்குறைய 45 செ.மீ. இருந்தால் எழுவது சுலபம். கைப்பிடி இருக்க வேண்டும். கைப்பிடி இல்லாத அழகான கல் திண்டில் உட்கார்ந்தவர், எழுந்திருக்க ஆள் தேட வேண்டியிருக்கும். கழிப்பறையில் தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவு இருந்தால், முதலில் நீங்கள் உள்ளே போய் வெளியேறும் பொத்தான் வேலை செய்கிறதா என்று பாருங்கள். உள்ளே மாட்டிக்கொள்வோமோ என்ற பயத்தில் அந்தப் பக்கமே போகாத பெரியவர்கள் நிறைய. காலையில் தண்ணீரே குடிக்காமல் கிளம்புவார்கள்.

8. மாலை ஆறரைக்கு மேல் ஒரு முறை நீங்கள் மட்டும் தனியாக நடந்து விளக்குகளைப் பாருங்கள். எரியாத கம்பத்தின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். விளக்கு எரிந்தும் மரக்கிளை மறைப்பது தனிப் புகார்.

சிக்னலை அளப்பது

பட்டனை அமுக்கினால் பாதசாரிக்குப் பச்சை தரும் சிக்னலைப் பெலிகன் சிக்னல் என்கிறோம். முச்சந்தி, நாற்சந்திகளில் பட்டன் இல்லாமல் சுழற்சியில் வரும் பாதசாரிப் பச்சையும் உண்டு. இரண்டையும் அளக்கும் முறை ஒன்றே.

1. பட்டனை அடைய முடிகிறதா? கம்பத்தைச் சுற்றிச் செடித் தொட்டியோ பைக்கோ இருந்தால் படம் எடுங்கள். தரையிலிருந்து பட்டனின் உயரத்தை அளங்கள். பெரியவர் தம் விரலால் அமுக்கிப் பார்க்கட்டும். மூட்டுவாதம் உள்ள விரலுக்குச் சில பட்டன்கள் அசையவே அசையாது.
2. அமுக்கியதிலிருந்து பச்சை வரும்வரை எத்தனை விநாடி? மூன்று முறை பாருங்கள். இது நீண்டால் ஜனங்கள் காத்திருக்காமல் சிவப்பிலேயே இறங்குகிறார்கள். கூடவே பெரியவரும் இறங்கிவிடுவார்.
3. பச்சை மனிதன் தோன்றியதிலிருந்து சிவப்பு வரும்வரை நேரம் எடுங்கள். மினுக்கும் நேரத்தைத் தனியாக எழுதுங்கள்.
4. காலை 8, பகல் 11, மாலை 6 என மூன்று வேளையும் அளங்கள். சில சிக்னல்கள் வண்டிகளின் எண்ணிக்கையைக் கேமராவில் பார்த்துத் தாமே நேரத்தை மாற்றிக்கொள்கின்றன. ஒரு வேளை அளந்ததை வைத்து மனு கொடுத்தால் "அன்றைக்கு அப்படி இருந்திருக்கும்" என்ற பதில்தான் வரும்.
5. ஒலி வருகிறதா? பச்சை வந்ததும் பீப் ஒலி கேட்க வேண்டும். பஸ் ஹாரனுக்கு நடுவே அது பெரியவரின் காதில் விழுகிறதா என்று அவரிடமே கேளுங்கள்.
6. கணக்குப் போடுங்கள். சாலை அகலத்தைப் பெரியவரின் வேகத்தால் வகுத்து, காலை எடுத்து வைக்க 3 விநாடி கூட்டுங்கள். உதாரணம்: அகலம் 14 மீட்டர், வேகம் 0.7 மீட்டர். 14ஐ 0.7ஆல் வகுத்தால் 20. அதோடு 3 சேர்த்தால் 23 விநாடி தேவை. சிக்னல் தருவது 15 என்றால் பற்றாக்குறை 8 விநாடி.

இந்தக் கடைசி எண்தான் உங்கள் நடையின் பலன். "சிக்னல் ரொம்பச் சீக்கிரம் மாறுது சார்" என்று சொன்னால் அலுவலர் தலையாட்டுவார். "8 விநாடி போதவில்லை" என்றால் நோட்டை எடுப்பார்.

குறிப்பு: பற்றாக்குறை அதிகமாக இருந்து, நேரத்தைக் கூட்டப் போக்குவரத்துப் போலீஸ் தயங்கினால், சாலை நடுவே நிற்க இடம் கேளுங்கள். நடுத்திட்டில் சக்கர நாற்காலி நிற்கும் அளவு வெட்டி, கைப்பிடிக் கம்பி வைத்தால் இரண்டு தவணையாகக் கடக்கலாம். திட்டில் இன்னொரு பட்டன் அவசியம். அதைக் கேட்க மறந்தால் பெரியவர் நடுவில் நின்றுகொண்டு அடுத்தவர் அமுக்குவாரா என்று பார்த்திருக்க வேண்டியதுதான்.

போனைக் கற்றுக்கொடுப்பது

பஸ் எங்கே வருகிறது என்று வீட்டிலிருந்தே பார்த்துக் கிளம்பினால் வெயிலில் நிற்க வேண்டாம். சென்னையில் பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றையும் சேர்த்த சென்னை ஒன் செயலி 2025 செப்டம்பரில் வந்தது. கற்றுக்கொடுக்கும்போது இந்த வரிசையில் போங்கள்.

1. எழுத்தைப் பெரிதாக்கி, மொழியைத் தமிழாக்குங்கள்.
2. முகப்பில் நான்கு படங்களுக்கு மேல் வைக்காதீர்கள்.
3. முதல் வாரம் பஸ் எங்கே என்று பார்ப்பது மட்டும். பணம் கட்டுவதைத் தொடவே வேண்டாம்.
4. போனை உங்கள் கையில் வாங்கிச் செய்து காட்டாதீர்கள். அவர் விரல்தான் திரையில் இருக்க வேண்டும். நமக்குப் பொறுமை போகும் இடம் இதுதான்.
5. அவசர எண்ணாக இரண்டு பேரைப் பதிந்து, ஒரு முறை அழைத்துப் பார்க்கச் செய்யுங்கள்.

எச்சரிக்கை: "உங்க கார்டு முடங்கிடும், நம்பர் சொல்லுங்க" என்று யார் கேட்டாலும் ஓ.டி.பி.யையும் ரகசிய எண்ணையும் சொல்லக் கூடாது என்பதைக் காகிதத்தில் எழுதிப் போன் உறையின் பின்னால் ஒட்டுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930. மூத்த குடிமக்களுக்கான பொது உதவி எண் 14567.

செயலி வந்துவிட்டதே என்று காகிதத்தைக் கைவிடாதீர்கள். 60 வயது நிரம்பிய சென்னைவாசிகளுக்கு மாதம் 10 முறை மாநகரப் பேருந்தில் கட்டணமில்லாமல் போக டோக்கன் கொடுக்கிறார்கள். அது பையிலேயே இருக்கட்டும். போன் கைகூடாத பெரியவருக்குப் பஸ் எண்ணும் நிறுத்தத்தின் பெயரும் பெரிதாக எழுதிய ஓர் அட்டையே போதும்.

எண்களை மனுவாக மாற்றுவது

முதலில் யாருடையது என்று பிரியுங்கள். நடைபாதை, விளக்கு, பெஞ்சு, கழிப்பறை மாநகராட்சி. சிக்னல் நேரம் போக்குவரத்துப் போலீஸ். சில பெரிய சாலைகள் மாநில நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கும். வழியை அடைக்கும் மின்பெட்டி மின்வாரியம். தாழ்தளப் பேருந்து எந்தத் தடத்தில் ஓடுகிறது என்பது போக்குவரத்துக் கழகம். எல்லாவற்றையும் ஒரே மனுவில் எழுதினால் அது மேஜைக்கு மேஜை நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரு குறைக்கு ஒரு மனு.

சென்னையில் உடைந்த மூடி, எரியாத விளக்கு போன்றவற்றுக்கு 1913 எண்ணோ நம்ம சென்னை செயலியோ போதும். மற்ற நகரங்களில் அந்தந்த மாநகராட்சியின் புகார் எண் உண்டு. புகார் எண்ணைக் குறித்துவையுங்கள். சிக்னல் நேரம், சரிவுப் பாதை போன்ற பெரிய வேலைகளுக்குக் காகித மனுவே நல்லது. மாதிரி இதோ:

பெறுநர்: போக்குவரத்துக் காவல் ஆய்வாளர், ______ காவல் நிலையம்.

பொருள்: ______ சாலை, ______ எதிரில் உள்ள பாதசாரி சிக்னலின் நேரத்தை 8 விநாடி கூட்டக் கோருவது.

ஐயா / அம்மையீர், மேற்படி சிக்னலில் ______ தேதிகளில் மூன்று வேளை அளந்ததில் பாதசாரிக்குக் கிடைக்கும் நேரம் 15 விநாடி. சாலையின் அகலம் 14 மீட்டர். எங்கள் பகுதியில் 70 வயது கடந்த மூவரின் நடைவேகம் விநாடிக்கு 0.7 மீட்டர். அவர்கள் பாதுகாப்பாகக் கடக்க 23 விநாடி தேவை. அளவுப் பட்டியலும் படங்களும் இணைத்துள்ளோம். தாங்கள் நேரில் பார்வையிட வரும் நாளில் நாங்களும் உடனிருந்து காட்டத் தயாராக இருக்கிறோம்.

கீழே பெரியவர்களின் கையெழுத்து இருக்கட்டும். நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

வார்டு கவுன்சிலருக்கு ஒரு நகல் கொடுங்கள். பகுதி சபைக் கூட்டம் நடக்கும்போது பெரியவரையே பேச வையுங்கள். தமிழ்நாட்டு மக்கள் தொகையில் 60 கடந்தவர்கள் 13.6 சதவீதம் என்று மத்திய புள்ளியியல் அமைச்சகத்தின் 2021ஆம் ஆண்டு அறிக்கை மதிப்பிடுகிறது. கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு. இதைக் கூட்டத்தில் சொல்லலாம்.

பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். "ஏன் செய்யவில்லை?" என்று கேட்காதீர்கள், அது தகவல் ஆகாது. "______ தேதியிட்ட எனது மனுவின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையின் நகல் தருக", "______ சிக்னலின் நேர அமைவு அட்டவணையின் நகல் தருக" என்று ஆவணத்தைக் கேளுங்கள்.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பொது இடங்களும் போக்குவரத்தும் எல்லாரும் அணுகும்படி இருக்க வேண்டும் என்கிறது. அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் சொன்னது. நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவில் அடங்கும் என்று 2025 மேயில் சொன்னது. மனுவின் கடைசியில் இரண்டு வரியாக எழுதுங்கள். முதல் வரியிலேயே எழுதினால் அலுவலர் உங்களை எதிராளியாகப் பார்க்கத் தொடங்கிவிடுவார்.

அடிக்கடி நேரும் தவறுகள்

கருவியை முதலில் கேட்பது. "எங்கள் தெருவுக்கு ஸ்மார்ட் கம்பம் வேண்டும்" என்று மனு கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கம்பமே நடைபாதையின் நடுவில் நடப்பட்டு வழியை அடைத்ததையும் பார்த்திருக்கிறேன். குறையைச் சொல்லுங்கள், அளவைச் சொல்லுங்கள். தீர்வு சாக்கடை மூடியை மட்டமாக்குவதாகக்கூட இருக்கலாம்.

நடைபாதைக் கடைக்காரரை எதிரியாக்குவது. பூ விற்கும் அம்மாதான் பெரியவர் தடுமாறினால் முதலில் ஓடி வருபவர். கடையை அகற்றச் சொல்லி எழுதுவதற்கு முன், கூடையை அரை மீட்டர் உள்ளே தள்ளினால் வழி கிடைக்குமா என்று அவரிடமே கேளுங்கள். நான் கேட்ட இடங்களில் பெரும்பாலும் வழி கிடைத்தது.

பைக்கைத் தடுக்கக் கம்பி கேட்டு, சக்கர நாற்காலியையும் சேர்த்துத் தடுத்துவிடுவது. கம்பி கேட்டால் இடைவெளியையும் எழுதுங்கள்.

பராமரிப்பைக் கேட்க மறப்பது. மெரினாவில் மாற்றுத்திறனாளிகளும் முதியவர்களும் கடல் அருகே போக மரப்பாதை 2022 நவம்பர் 27இல் திறந்தார்கள். இரண்டு வாரத்துக்குள் வந்த மாண்டஸ் புயலில் அது சேதமாகி, பிறகு சரிசெய்ய வேண்டியிருந்தது. கடலோரத்தில் மரம் என்றால் பழுது வரத்தான் செய்யும். அதனால் புதிதாக எதைக் கேட்டாலும், பழுதானால் யார், எத்தனை நாளில் சரிசெய்வார் என்று மனுவிலேயே கேட்டு எழுதிவிடுங்கள். சிக்னல் பட்டனுக்கும் நேரம் காட்டும் பலகைக்கும் இது இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

பெரியவரின் முகத்தைக் கேட்காமல் படம் எடுத்துப் பரப்புவது. அவர் சிரமப்படும் படம் பரிதாபம் வாங்கித் தரலாம். அடுத்த முறை அவர் உங்களோடு வரமாட்டார். காலையும் தரையையும் எடுங்கள்.

வேலை முடிந்த பின்

ஒப்பந்தக்காரர் கிளம்பிய அன்றே போய் அளங்கள். சரிவு 4.8 டிகிரிக்குள் இருக்கிறதா, சிக்னல் சொன்ன விநாடி எரிகிறதா என்று பாருங்கள். சிமெண்டு காய்ந்தபின் திருத்தச் சொன்னால் மறுபடி ஆறு மாதம் ஆகும். மழைக்காலம் முடிந்ததும் ஒரு முறை அளங்கள். வடிகால் வேலையில் மட்டம் மாறியிருக்கும்.

பிறகு அதே பெரியவரை, அதே நேரத்தில், அதே வழியில் கூட்டிப் போங்கள். சாக்பீஸைக் கொண்டுபோங்கள். போன முறை ஏழு இடத்தில் நின்றார் என்றால் இந்த முறை எத்தனை இடத்தில் நிற்கிறார் என்று குறித்து, பழைய பட்டியலுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். எண்ணிக்கை குறையாவிட்டால், செய்த வேலை எதில் தவறியது என்று அந்த ஏழு இடங்களில் ஒவ்வொன்றாக நின்று பார்க்க வேண்டும். குறைந்திருந்தால், அவர் போகாமல் விட்ட அடுத்த இடம் எது என்று கேளுங்கள்.